எட்டு எலி, பதினாறு பஞ்சு

யாரும் வைக்காமலே அவருக்கு அந்தப் பெயர் வந்து ஒட்டிக்கொண்டது: எதுக்கண்ணன். கூண்டை இந்தப் பக்கம் நகர்த்துங்கள் என்றால் "எதுக்கு?" என்பார். இன்றைக்கு வேலை இல்லை, வீட்டுக்குப் போங்கள் என்றாலும் "எதுக்கு?" என்பார். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். எண்ணத் தெரியும், எழுத்துக் கூட்டினால் படிக்க வரும். சிரித்துப் பேசுகிறவனை நம்பமாட்டார். வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு சிரித்துப் பேசுகிறவனை அறவே நம்பமாட்டார். வெளுத்ததெல்லாம் பால் என்று குடித்து வயிறு கெட்டவர்கள் ஏராளம், அந்தக் கூட்டத்தில் நான் சேரமாட்டேன் என்பது அவர் கட்சி.

மருந்து ஆராய்ச்சிக் கட்டடத்தின் பின்பக்கம் எலிகள் வைத்திருக்கும் நீள அறையில் அவருக்கு வேலை. கூண்டு கழுவுவது, உமி மாற்றுவது, தண்ணீர்ப் புட்டி நிரப்புவது, குப்பை அள்ளுவது. இருபத்திரண்டு வருடமாக இதுதான். எலிகள் மேல் அவருக்குப் பாசமென்று சொன்னால் பொய். ஆராய்ச்சி முடிந்தால் அவை சாகும், அது அவருக்கும் தெரியும். ஆனால் இருக்கும் நாளில் உமி ஈரமாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான் அவர் நியாயம்.

இந்தத் தடவை வந்தவை இருபத்துநாலு வெள்ளை எலிகள். அடுக்குக்கு எட்டாக மூன்று இரும்பு அடுக்கு. முதல் அடுக்குக்கு வெறும் தண்ணீர். இரண்டாவது அடுக்குக்குத் தினமும் மருந்து. மூன்றாவது அடுக்குக்கு மூன்று வாரம் மருந்து, அப்புறம் நிறுத்திவிட்டு என்ன ஆகிறதென்று பார்ப்பது. மருந்து, கிருமியைக் கொல்லும் புது மருந்து. அது கிருமியோடு நிற்காமல் ரத்தத்திலும் கை வைக்கிறதா என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்வியைக் கட்டிக்கொண்டு அழுகிறவள் ஒரு ஆராய்ச்சிக்காரி, நாற்பது வயதிருக்கும். எதுக்கண்ணன் அவளுக்கு வைத்த பெயர் மருந்தம்மா. வாரம் இரண்டு தடவை எலிகளின் வாலில் ஊசி குத்தி ரத்தம் எடுத்துக் கொடுப்பவர் ஊசிக்காரர், எதுக்கண்ணனுக்கு அடுத்தபடி அங்கே பழைய ஆள்.

மற்ற நேரமாக இருந்தால் எந்த மருந்து எந்த எலியை என்ன செய்தால் அவருக்கென்ன. இந்தத் தடவை அப்படி இல்லை. அவர் வீட்டுக்காரி கட்டிலில் கிடந்தாள்.

ஈரத் தரையில் வழுக்கி விழுந்து முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. ஆபரேஷன் செய்து உள்ளே தகடு வைத்தார்கள். பட்ட காலிலேயே படும் என்று சும்மாவா சொன்னார்கள், தகடு வைத்த இடத்தில் சீழ் பிடித்தது. எந்த மருந்துக்கும் மசியாத கிருமி. கடைசியில் ஒரே ஒரு மாத்திரைக்குத்தான் பணிந்தது. ஆறு வாரம் விடாமல் சாப்பிட வேண்டும். நடுவில் சீழை வழிக்க மறுபடி ஒரு தடவை காலைத் திறந்தார்கள். நான்கு வாரம் முடிவதற்குள் பதினொன்று இருந்த ரத்தம் ஒன்பதுக்கு இறங்கிவிட்டது.

எலும்பு டாக்டர் சிரிக்காமல்தான் சொன்னார். "மாத்திரையால ரத்தம் குறையலாம். அடுத்த வாரம் பார்ப்போம். இன்னும் இறங்கினா மாத்திரையை நிறுத்தியாகணும். நிறுத்தினா கிருமி மறுபடி தலைதூக்கும். அப்புறம் காலை வச்சுக்க முடியுமான்னு என்னால உறுதி சொல்ல முடியாது."

அந்த மாத்திரையின் பெயரை எதுக்கண்ணன் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுத்துப் பிசகாமல் பார்த்து எழுதிக்கொண்டுவந்து மருந்தம்மாவிடம் நீட்டினார்.

"இது என்ன மருந்தும்மா?"

அவள் பார்த்தாள். "நம்ம எலிக்குக் கொடுக்கிறோமே, அதோட சொந்தக்காரன்தான் அண்ணே. இது அண்ணன், நம்மது ஒன்னுவிட்ட தம்பி."

"அப்ப குடும்பமே சரியில்ல."

அவள் சிரித்தாள். சிரித்ததோடு அவள் மேல் இருந்த கொஞ்சநஞ்ச நம்பிக்கையும் போயிற்று.

அன்றைக்கு உமி மாற்றும்போது இரண்டாவது அடுக்கு எலி ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். வெள்ளை எலிக்குக் காது ரோஜா நிறத்தில் இருக்கும், பாதமும் அப்படித்தான். இதன் காது காகிதம் மாதிரி இருந்தது. கூட இருந்ததையும் தூக்கிப் பார்த்தார். அதுவும் காகிதம். வீட்டுக்குப் போனதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலுக்குப் போய் மனைவியின் கண் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார்.

"என்னங்க இது, ஆட்டைப் பாக்குற மாதிரி?"

"வெளுத்திருக்கு."

"உங்க மூஞ்சியும்தான் வெளுத்திருக்கு. கையைக் கழுவிட்டு வாங்க, எலி வாடை அடிக்குது."

அவர் கை கழுவவில்லை. தலைமாட்டில் இருந்த மாத்திரை அட்டையை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "டாக்டர் நாலஞ்சு நாளைக்கு இதை நிறுத்தச் சொல்லிட்டாரு," என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"எப்பச் சொன்னாரு?"

"சொன்னாரு. விடு."

அவள் விட்டுவிட்டாள். அவள் விட்டது அவருக்கே அதிசயமாக இருந்தது. முப்பத்தெட்டு வருடத்தில் ஒரு பேச்சையும் அவள் அத்தனை சுலபமாக விட்டதில்லை. நோய் ஆளை அடக்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

இது நடந்த நான்காம் நாள் காலை மருந்தம்மா கையில் காகிதக் கட்டோடு அறைக்குள் வந்தாள். முகம் சரியில்லை.

"அண்ணே, ஒன்னு கேக்கணும். கோவிச்சுக்கக் கூடாது."

"கேக்குறதுக்கு முந்தியே கோவம் வருது. கேளு."

"கூண்டு கழுவும்போது எலி ஏதாவது இடம் மாறிடுச்சா? முதல் அடுக்கும் ரெண்டாவது அடுக்கும் கலந்துபோச்சா?"

"எதுக்கு?"

"முதல் அடுக்குக்கு மருந்தே கிடையாது. வெறும் தண்ணி. அதுக்கும் ரத்தம் குறைஞ்சிருக்கு. எட்டுல ஆறுக்கு. மருந்து குடிக்காததும் வெளுத்தா, மருந்து குடிச்சது எதனால வெளுத்துச்சுன்னு நான் எப்படிச் சொல்றது? ஒரு மாசமா பண்ணின வேலை மொத்தமும் குப்பைக்குத்தான்."

எதுக்கண்ணனுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "என் கையில எலி செத்திருக்கும்மா. இடம் மாறினதில்ல. ஒவ்வொரு வாலுலயும் கோடு போட்டு வச்சிருக்கோம். நாலு நாளைக்கு ஒருதரம் அழியுற கோட்டை மறுபடி போடுறவன் நான். ரெண்டு கோட்டுக்காரன் மூணு கோட்டுக்காரன் வீட்டுல போய்ப் படுத்தா எனக்குத் தெரியாதா?"

"அப்ப எப்படிண்ணே?"

"எனக்கெப்படித் தெரியும்? படிச்சவ நீ."

அவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். தன் தலையில் விழுந்த பழியை அவர் சும்மா விடுகிற ஆள் இல்லை. கூண்டை விட்டுவிட்டுக் குப்பைத் தொட்டிப் பக்கம் போனார். ரத்தம் எடுத்த நாளின் குப்பை தனிச் சிவப்புப் பைகளில் இருக்கும். அடுக்குக்கு ஒரு பை. எரிக்கிற வண்டி அன்று மத்தியானம்தான் வரும். மூன்று பைகளையும் இழுத்துக்கொண்டு வந்தார். கையுறை போட்டுக்கொண்டு முதல் பையை மேஜைத் தட்டில் கவிழ்த்தார்.

"என்னண்ணே, குப்பையைப் போய்!"

"பொறு. எலி வாலுல குத்தினா அப்புறம் என்ன வைப்பாங்க?"

"பஞ்சு."

"ஒரு எலிக்கு எத்தனை?"

"ஒன்னு."

"எண்ணு."

அவள் எண்ணினாள். ரத்தக் கறையோடு பதினாறு பஞ்சு இருந்தது. எட்டு எலிக்குப் பதினாறு பஞ்சு. இரண்டாவது பையில் ஒன்பது. மூன்றாவதில் எட்டு.

"ஒவ்வொரு தடவையும் முதல் பைதான் கனமா இருக்கும்," என்றார் எதுக்கண்ணன். "நான் தூக்குறேன், எனக்குத் தெரியும். எதுக்குன்னுதான் தெரியல. அந்த ஊசிக்காரனைக் கூப்பிட்டுக் கேளு."

ஊசிக்காரர் வந்தார். தட்டில் கிடந்த பஞ்சைப் பார்த்தார், எதுக்கண்ணனைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார்.

"அது வந்தும்மா... காலையில முதல்ல முதல் அடுக்குல ஆரம்பிப்பேன். வாலை வெந்நீர்ல நனைச்சா நரம்பு புடைக்கும், ரத்தம் சட்டுனு வரும். அந்த நேரம் தண்ணி இன்னும் சுட்டிருக்காது. ரத்தம் சொட்டுச் சொட்டா வரும். குழாய் நிறையுறதுக்குள்ள கட்டிப்போயிடும். கட்டினதைக் கொடுத்தா நீங்க திட்டுவீங்க. அதனால..."

"அதனால மறுபடி குத்துவீங்களா?"

"ரெண்டாவது அடுக்கு வரும்போது தண்ணி சூடாயிடும்மா. அப்புறம் பிரச்சினையே இல்ல."

"இத்தனை நாளா?"

"ஆரம்பத்துலேர்ந்து."

"எழுதி வைக்கலையே?"

"கட்டின குழாயை எழுதி என்னம்மா ஆகப்போகுது?"

எதுக்கண்ணன் பொறுக்கமாட்டாமல் சொன்னார்: "எண்ணுறதுக்காக எடுத்து எடுத்தே எண்ண ஒன்னும் மிச்சம் வைக்கல. எலி எம்மாத்திரம், அதுக்கு ரத்தம் எம்மாத்திரம்? ரெண்டு மடங்கு உறிஞ்சினா வெளுக்காம சிவக்குமா?"

மருந்தம்மா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அடுக்கு வரிசையைத் தடவைக்குத் தடவை மாத்திச் செய்யணும்னு பாடம் நடத்துறவ நான். என் அறையிலயே கோட்டை விட்டிருக்கேன்." ஊசிக்காரரைத் திட்டுவாள் என்று எதுக்கண்ணன் காத்திருந்தார். அவள் திட்டவில்லை. ஓட்டமும் நடையுமாக உள்ளறைக்குப் போனாள். போகிற போக்கில், "அண்ணே, நீங்களும் வாங்க," என்றாள்.

"நான் எதுக்கு?"

"வாங்கன்னா வாங்க."

உள்ளறையில் அடுக்குக்கு ஒரு துளி ரத்தம் எடுத்து, நீலச் சாயம் கலந்து, கண்ணாடியில் இழுத்துக் காயவைத்து, மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். அரைமணி நேரம் பார்த்துப் பார்த்து எழுதினாள். அப்புறம் அவரை உட்காரவைத்தாள்.

"ஒரு கண்ணை மூடிக்கிட்டுப் பாருங்க. வட்டம் வட்டமா தெரியுதா? அதுல சில வட்டத்துக்குள்ள நீல நூல் சிக்கின மாதிரி இருக்கும்."

"இருக்கு. இதோ ஒன்னு, அங்க ஒன்னு. நிறைய இருக்கே."

"நூல் இருக்கிறது புதுசு. எலும்புக்குள்ள மஜ்ஜை இருக்குல்ல, அங்க பிறந்து இப்பத்தான் வெளியில வந்தது. ஒன்னு ரெண்டு நாள்ல நூல் மறைஞ்சு பெரிய ஆளாயிடும். இது முதல் அடுக்கு. ரத்தத்தைப் பறிகொடுத்த எலி. பறிகொடுத்ததைச் சரிக்கட்ட மஜ்ஜை ராப்பகலா வேலை செய்யுது. இப்ப இதைப் பாருங்க."

வேறு கண்ணாடி. வட்டங்கள் இருந்தன. நூல் இல்லை. தேடித் தேடிப் பார்த்து ஒன்றைப் பிடித்தார்.

"இது ரெண்டாவது அடுக்கு," என்றாள். "வெளியில பாத்தா ரெண்டும் ஒரே வெளுப்பு. ஆனா இங்க மருந்து மஜ்ஜையைப் படுக்க வச்சிருச்சு. புதுசு வரல."

"மூணாவது?"

அவளே ஆசையாக அந்தக் கண்ணாடியை மாட்டினாள். மருந்தை நிறுத்திப் பத்து நாளான எலி. எதுக்கண்ணன் குனிந்தார். நீல நூல்கள் மொய்த்துக் கிடந்தன. பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் வாசலில் முண்டியடிக்கிற மாதிரி இருந்தது.

"நிறுத்தினதும் எழுந்துக்குது பாத்தீங்களா? படுத்தது படுத்தபடி கிடக்கல. ரத்தக்கணக்கு ஏறுறதுக்கு முந்தியே புதுசு சொல்லிடுது. நீங்க பஞ்சைக் கொட்டலைன்னா இதை இவ்வளவு சீக்கிரம் பாத்திருக்கமாட்டேன் அண்ணே. வேலை குப்பைக்குப் போகல. எடுத்த ரத்தத்தை எல்லாம் நேர்மையா எழுதணும், முதல் அடுக்கை மட்டும் புது எலி வச்சு மறுபடி செய்யணும். செய்யலாம்."

அவர் தலையைத் தூக்கவில்லை. அவருக்கு எலிகள் மறந்துபோயிருந்தன. வெளுப்பைப் பார்த்துத்தானே மாத்திரையை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டார். அவர் வீட்டுக்காரி எந்த அடுக்கு? இரண்டு தடவை காலைத் திறந்தார்கள். அதில் எவ்வளவு போயிற்றோ. வார்டில் கிடந்த நாளெல்லாம் விடிந்தால் ஒரு குழாய் எடுத்தார்கள். அவள் முதல் அடுக்காக இருந்தால், காலைக் காப்பாற்றுகிற மாத்திரையைப் பிடுங்கி வைத்துக்கொண்டு நான்கு நாள் ஆயிற்று. ஆழம் தெரியாமல் காலை விடுவார்கள். இவர் விட்டது தன் காலை அல்ல.

மறுநாள் எலும்பு டாக்டர் முன்னால் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் காகிதத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "எட்டு புள்ளி எட்டு. இன்னும் கொஞ்சம் இறங்கியிருக்கு. நிறுத்திடறதுதான் நல்லதுன்னு தோணுது."

"ஐயா, புதுசு எத்தனை?" என்றார் எதுக்கண்ணன்.

"என்னது?"

"ரத்தத்துல புதுசா பிறந்தது இருக்குமே, நீலச் சாயம் போட்டா நூல் நூலா தெரியும். அது எத்தனைன்னு எண்ணினீங்களா? வெளுப்பு ரெண்டு வகைங்க. வெளியில போய் வெளுக்கிறது ஒன்னு, உள்ள பிறக்காம வெளுக்கிறது ஒன்னு. இவ எதுன்னு பாக்காம நிறுத்தாதீங்க."

டாக்டர் காகிதத்தைக் கீழே வைத்தார். "நீங்க எங்க வேலை பாக்குறீங்க?"

"எலி கழுவுறேன்."

டாக்டர் புதுசை எண்ணச் சொல்லிச் சீட்டு எழுதினார். காலையில் எடுத்த ரத்தமே போதும் என்றார்கள். இரண்டு மணி நேரம் வராந்தா பெஞ்சில் காத்திருந்தார்கள். எதுக்கண்ணன் நான்கு தடவை எழுந்து போய்க் கேட்டு, நான்கு தடவையும் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தார்.

மறுபடி உள்ளே கூப்பிட்டபோது டாக்டரின் முகம் தெளிந்திருந்தது. "நல்ல கேள்விதான் கேட்டிருக்கீங்க. புதுசு நிறைய இருக்கு. மாத்திரை உள்ள போயிட்டிருக்கும்போதே இவ்வளவு புதுசு பிறக்குதுன்னா மஜ்ஜை நல்லாத்தான் வேலை செய்யுது. ரத்தம் ஆபரேஷன்ல போனது. அதனால மிச்சம் இருக்கிற மாத்திரையையும் தைரியமா..."

எதுக்கண்ணன் சட்டைப் பையிலிருந்த அட்டையைத் தொட்டுப் பார்த்தார். மூன்றாவது அடுக்கின் நீல நூல்கள் கண்ணுக்குள் மொய்த்தன. நிறுத்தினாலும்தானே புதுசு கிளம்பும்? டாக்டர் நினைக்கிற அடுக்கு வேறு, இவள் இருக்கிற அடுக்கு வேறாக இருந்தால்? பேசாமல் இருந்தால் மாத்திரை தொடரும், கால் தப்பும். ஆனால் ரத்தத்தைத் தின்றது மாத்திரைதான் என்றால், தெரியாமல் மறுபடி அதையே கொடுப்பார்கள்.

"இல்லீங்க," என்றார். "உள்ள போகல. அஞ்சு நாளா மாத்திரை கொடுக்கல. நான்தான் எடுத்து வச்சுட்டேன். நீங்க சொன்னீங்கன்னு பொய் சொன்னேன்." சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

டாக்டர் அட்டையைப் பார்த்தார். அவர் முகத்தில் தெளிவு போய்விட்டது. "என்ன மனுஷன் நீங்க? அப்ப இந்தக் கணக்குக்கு அர்த்தமே வேற..."

"சாப்பிட்டேனே," என்றாள் வீட்டுக்காரி.

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஒரு வேளைகூட விடல. ஆஸ்பத்திரியில ரெண்டு வாரத்துக்குச் சேத்துக் கொடுத்தாங்க. இவர் எடுத்தது பிரிச்ச அட்டை. மிச்சம் என் தலையணை உறைக்குள்ள இருக்கு." முந்தானையில் முடிந்து வைத்திருந்த காலி அட்டையை எடுத்து நீட்டினாள். "எண்ணிப் பாத்துக்கங்க. காலையில ஒன்னு, ராத்திரி ஒன்னு."

எதுக்கண்ணன் வாய் பிளந்தார். "நான் டாக்டர் சொன்னாருன்னு..."

"சுவரைப் பாத்து சொன்னீங்க. நிஜம் சொல்லும்போது நீங்க எந்தக் காலத்துல சுவரைப் பாத்தீங்க? உங்களுக்கு யாரையும் நம்பத் தெரியாது. எனக்கு உங்களை எப்ப நம்பக் கூடாதுன்னு தெரியும்."

"அப்ப என்கிட்டச் சொல்றதுக்கென்ன?"

"சொன்னா தலையணையையும் தூக்கிட்டுப் போயிருப்பீங்க."

டாக்டர் காலி அட்டையில் ஓட்டைகளை எண்ணினார். பத்து. சரியாக இருந்தது. முதலில் இருவரையும் ஒரு மூச்சுத் திட்டினார். மாத்திரையைத் தானாக நிறுத்துகிறவனை என்ன செய்ய வேண்டும் என்று விவரமாகவே சொன்னார். எதுக்கண்ணன் வாழ்க்கையில் முதல்தடவையாக எதிர்க்கேள்வி கேட்காமல் கேட்டுக்கொண்டார். அப்புறம் டாக்டர் சீட்டில் எழுதினார்: மாத்திரை தொடரும், இரும்புச் சத்து சேர்க்க வேண்டும். "இனிமேலும் இறங்காதுன்னு சத்தியம் பண்ணமாட்டேன். வாரம் ரெண்டு தடவை ரத்தம் பாக்கணும்."

"குழந்தைங்களுக்கு எடுக்கிற சின்னக் குழாய் இருக்குமில்ல? அதுல எடுக்கச் சொல்லுங்க," என்றார் எதுக்கண்ணன். "எண்ண எவ்வளவு வேணுமோ அவ்வளவு போதும்."

டாக்டர் அதையும் எழுதினார்.

கடைசி மாத்திரையை விழுங்கிய நாளில் ரத்தம் பத்து. காயம் வறண்டு மூடியிருந்தது. எட்டாம் நாள் மறுபடி போனபோது பத்தரை. எக்ஸ்ரே பார்த்துவிட்டு, காலை ஊன்றிப் பார்க்கலாம், பாதி எடைதான் கொடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். வராந்தாவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்காரி எழுந்தாள். எதுக்கண்ணன் பிடிக்கப் போனார். தள்ளி நிற்கச் சொன்னாள். குதிகாலைத் தரையில் வைத்தாள். உதட்டைக் கடித்தாள். கொஞ்சம் கொஞ்சமாக எடையை இறக்கினாள்.

"வலிக்குதா?" என்றார் அவர்.

"வலிக்குது," என்றாள். "கால் இருந்தா வலிக்காதா?"